கேள்வி பென்சிலில், பதில் மையில்

போன மாதம் மெல்பேர்ணின் புறநகரான டார்னெய்டில் ஒரு பிறந்தநாள் விழா. குடிவரவு வழக்குகள் பார்க்கும் இளம் வக்கீல் பெண்ணொருத்தி பேப்பர் தட்டோடு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். "அன்ரி, நீங்கள் ரோமன் லோவிலதானே வேலை செய்தனீங்கள்? சொறி, தெரியாமல்தான் கேக்கிறன், அதால ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயில் இருந்த பற்றிஸ் துண்டை விழுங்கிப்போட்டு, "ஒரு பெண்ணும் பிள்ளையும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவை. அது காணுமோ?" என்றேன். "ஹவ், அன்ரி?" என்று அவள் திரும்பினாள். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் லத்தீன் படித்தவள். கொழும்பில் சட்டம் படித்து அப்புக்காத்தாகி, மூன்று வருஷம் கறுத்தக் கோட்டோடு காணி வழக்குப் பேசினேன். இலங்கைச் சட்டத்தின் அடிக்கல் ரோமச் சட்டம். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் கணவரின் பொறியியல் வேலைக்காக மெல்பேர்ண் வந்தோம். என் சட்டப் படிப்பு இங்கே செல்லாது, முதலாம் வருஷத்திலிருந்து திரும்பப் படி என்றார்கள். வாயும் கையும் சும்மா இருக்காத பிறவி நான். பல்கலைக்கழகச் சட்டப் பிரிவில் லத்தீன் தெரிந்த தட்டச்சாளர் தேவை என்று பேப்பரில் கண்டதும், சீலைக்கு மேல் கணவரின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ட்ராம் ஏறிப் போனேன்.

அங்கே இருந்தவர் பேராசிரியர் ஹார்லொக். ஒல்லியான, நீண்ட மனிதர். ஒரு பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு அதன் பொருளைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள், மிஸஸ் நடராஜா" என்றார். எட்டு வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

வேலை என்னவென்று விளங்கினால்தான் மற்றது விளங்கும். ரோமப் பேரரசர்கள் உலகத்துக்கே சட்டம் சொல்ல ஆசைப்பட்டவர்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர், தன் ஆட்சிக்குள் இருந்த அடிமையல்லாத ஏறக்குறைய எல்லாரையும் ஒரே ஆணையில் ரோமக் குடிகளாக்கிவிட்டார். நைல் நதிக்கரையில் வெங்காயம் நட்டவனும் சிரியாவில் ஒட்டகம் மேய்த்தவனும் ஒருநாள் எழும்பிப் பார்த்தால் ரோமர்கள். பின்னால் வந்த பேரரசர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கடவுள் தந்த அதிகாரத்தால் மனித குலம் முழுவதுக்கும் ஒரே சட்டம் தருகிறோம் என்ற தோரணையில்தான் அவர்களின் முகவுரைகள் தொடங்கும். பெயர்களைச் சொல்லி உங்களைக் குழப்பமாட்டேன். எனக்கே சில வேளை குழம்பும்.

சரி, எல்லாரும் ரோமர். பிறகு என்ன நடந்தது? கடிதங்கள் வரத் தொடங்கின. விதவை எழுதினாள், ஓய்வுபெற்ற சிப்பாய் எழுதினான், சில வேளை அடிமைகூட எழுதினான். எங்கள் ஊர் வழக்கம் இப்படி, உங்கள் சட்டம் அப்படி, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். பேரரசரின் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், ஒவ்வொன்றுக்கும் நாலு வரியில் பதில் எழுதிப் பொது இடத்தில் ஒட்டியது. பிற்காலத்தில் அந்தப் பதில்களையெல்லாம் சேர்த்துத் தொகுத்தபோது, பதில்கள் தப்பின. கேள்விகள் அநேகமாக எல்லாம் தொலைந்து போயின.

எங்கள் வேலை அந்தப் பதில்களுக்கு அட்டை போடுவது. ஒரு பதிலுக்கு ஓர் அட்டை. இடப்பக்க மூலையில் பேரரசர், வலப்பக்க மூலையில் ஊரும் வருஷமும், அடுத்த வரியில் யாருக்கு எழுதியது, அதற்குக் கீழே பொருள் தலைப்பு. பிறகு தொலைந்துபோன கேள்வியைப் பதிலிலிருந்து ஊகித்து எழுதவேண்டும். கேள்வி பென்சிலில், பதில் மையில். பதில் பேரரசருடையது, அதை மாற்ற முடியாது. கேள்வி எங்கள் ஊகம், நாளைக்கு அழிக்க நேரலாம். கேள்வியை எழுதாமல் பதிலை மொழிபெயர்க்க அவர் விடமாட்டார். "என்ன கேட்டார்கள் என்று தெரியாமல், என்ன சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்?" என்பார்.

அவர் ஒருநாளும் "நல்லது" என்று சொன்னதில்லை. அட்டை சரியென்றால் வலப்பக்கக் கீழ் மூலையில் எறும்பளவு ஒரு சரி போடுவார். பிழையென்றால் ஒன்றும் சொல்லாமல் அட்டையைக் குப்புறக் கவிழ்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். என்ன பிழையென்று நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாதம் என் மேசை முழுக்கக் குப்புற அட்டை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கத்துவேன். "விட்டுப்போட்டு வாவன்" என்பார் அவர். விடுகிற ஆளா நான்!

ஒருமுறை ஓர் அட்டையை மூன்று தரம் கவிழ்த்தார். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட பதில் அது. ஒருவன் தன் கலியாணத்துக்கும் மகளின் பிறப்புக்கும் எழுத்து ஆதாரம் இல்லையென்று கலங்கி எழுதியிருக்கிறான். நீ அவளை மனைவியாக வீட்டில் வைத்திருந்தது அயலவருக்குத் தெரியுமென்றால், பத்திரம் எழுதாததால் கலியாணமும் பொய்யாகாது, மகளும் பொய்யாகமாட்டாள் என்று பேரரசர் சொல்லியிருந்தார். நான் அதை "ஆவணங்கள்" என்ற தலைப்பில் போட்டிருந்தேன். நாலாம் தரம் "திருமணம்" என்று மாற்றியதும் எறும்புச் சரி விழுந்தது. தலைப்பு மாறியதற்கு இவ்வளவு எடுப்பா என்று அன்றைக்கு நினைத்தேன்.

எங்களுக்குள் ஒரு சண்டையும் இருந்தது. பேரரசரின் சட்டம் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்தது, இந்த அட்டைகளே அதற்குச் சாட்சி என்பது அவர் கட்சி. "இல்லை" என்றேன் நான். "மகனை ஊரறியக் கைவிடும் கிரேக்க வழக்கம் செல்லாது என்கிறார். இரண்டு பெண்சாதி கூடாது என்கிறார். இன்னும் எத்தனையோ 'கூடாது' இருக்கின்றன. தாய் பத்துத் தரம் 'ஓடாதே' என்று கத்தினால், பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?" அவர் தக்காளி சான்ட்விச்சை எடுத்துக்கொண்டு வெளியே மரவாங்கில் இருந்து சாப்பிடப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் இழுப்பறையைத் திறந்தால், "உள்ளூர் வழக்கம்" என்று அவருடைய கையெழுத்தில் புதிதாக ஒரு பிரிப்பு அட்டை நின்றது. அன்றைக்கு முழுக்க நான் நிலத்தில் கால் பாவாமல் திரிந்தேன்.

இனித்தான் விஷயம். எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் எங்கள் ஆட்கள் மிகக் குறைவு. சட்டம் படித்தவள் என்று யாரோ சொல்லி, ஒரு சனிக்கிழமை குணரத்தினம் எங்கள் வீட்டுக்கு வந்தான். பொயிலர் செய்யும் தொழிற்சாலையில் வரைபடம் கீறுபவன். மனைவி மலரும் மூன்றரை வயது மகள் வதனியும் யாழ்ப்பாணத்து அளவெட்டியில். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட, குடிவரவுக் கந்தோரில் திருமணச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.

"எழுத்து நடக்கேல்லை அக்கா. கலியாணம் முறையா நடந்தது. ஐயர் வந்து, தாலி கட்டி, கூறை குடுத்து, ஊருக்கே சாப்பாடு போட்டது. எழுத்தைப் பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டம்" என்றான்.

இது எங்கள் பக்கத்தில் வெகு சாதாரணம். கலியாணம் வேறு, எழுத்து என்கிற பதிவு வேறு. பதிவு செய்யாவிட்டாலும் வழக்கப்படி நடந்த கலியாணத்தை இலங்கைச் சட்டம் ஏற்கும். அது எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் நான் சொன்னது என்ன?

"விசர் வேலை பாராதை குணம். லீவெடுத்துக்கொண்டு போய் எழுத்தை முடிச்சுக்கொண்டு வா. இவங்களுக்குக் கடதாசிதான் கடவுள்."

"அங்க படிவத்தில 'மணமானவரா, ஆகாதவரா' எண்டு கேப்பினமே அக்கா? என்ன போடுறது?"

"மணமாகாதவர் எண்டு போடு. எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை. மணமானவர் எண்டு போட்டால் பதிவுகாரர் எப்பிடித் திருப்பிக் கட்டி வைக்கிறது?"

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் ஓர் ஆளின் குடும்பத்தைத் தீர்மானித்துவிட்டேன். அவனும் நன்றி சொல்லிப் போனான். ஊருக்குப் போனான், எழுத்தை முடித்தான், சான்றிதழோடு வந்து விண்ணப்பித்தான்.

சில மாதங்கள் கழித்துத் திரும்பவும் வந்தான். கையில் குடிவரவுக் கந்தோரின் கடிதம். இந்த நாட்டுக்கு வரும்போது முதல் படிவத்தில் அவன் "மணமானவர், ஒரு மகள்" என்று உண்மையை எழுதியிருந்தான். இப்போது கொடுத்த சான்றிதழோ, அதற்குப் பிந்திய ஒரு நாளில் அவன் மணமாகாதவனாக இருந்து கலியாணம் செய்தான் என்கிறது. பிள்ளைக்கு அப்போது நாலு வயது. இரண்டில் ஒன்று பொய். இருபத்தெட்டு நாட்களுக்குள் விளக்கம் வேண்டும். இல்லையென்றால் மனைவி பிள்ளையின் விண்ணப்பம் தள்ளப்படும், அவன் இங்கே இருக்கும் அனுமதியும் மறுபரிசீலனைக்கு வரும். கடைசி வரியில், எந்த நாட்டவர் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் இதே நிபந்தனைதான் என்று பெருமையாக எழுதியிருந்தது. அந்தப் பெருமை நியாயமானது. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் எங்கள் நிறத்தவர் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது.

"அக்கா, நீங்கள் சொன்ன மாதிரித்தானே செய்தனான்" என்றான் குணம். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுத்தில்லாத கலியாணம் கலியாணம்தான் என்று அட்டை எழுதியவள், எழுத்தை முடி என்று ஒருவனை அனுப்பிக் கெடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கந்தோர் தட்டச்சுப் பொறியிலேயே விளக்கக் கடிதம் அடிக்கத் தொடங்கினேன். பின்னால் நிழல் விழுந்தது. சொந்த வேலைக்குப் பல்கலைக்கழகப் பொறியைப் பாவித்தால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். பேராசிரியர் குணத்துக்கு வந்த கடிதத்தை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். வெறும் அட்டை ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். பென்சிலையும் வைத்தார்.

"இதற்குக் கேள்வி என்ன, மிஸஸ் நடராஜா?"

"எந்தப் படிவம் பொய் என்று கேட்கிறார்கள்."

"அது அவர்கள் கேட்டது. கேட்டிருக்க வேண்டியது என்ன?"

யோசித்தேன். பிறகு எழுதினேன்: இவர்கள் எந்த நாளில் கணவன் மனைவியானார்கள்? அதை எந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும்? எழுதி முடிக்கும்போதே கால் எழும்பிவிட்டது. இழுப்பறையில் "திருமணம்" பிரிவுக்குப் போய் அந்த அட்டையை உருவிக்கொண்டு வந்தேன்.

அவர் பார்த்துவிட்டு, "பேரரசரை அனுப்ப வேண்டாம். அவரை இந்த ஊரில் யாருக்கும் தெரியாது" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கலியாணம் நடந்த நாட்டின் சட்டம் என்னவென்று சொல்ல ஒரு நிபுணர் வேண்டும். இலங்கையில் வழக்குப் பேசிய யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

"நான் இங்கே வக்கீல் இல்லையே, பேராசிரியர்."

"இங்கத்தைய சட்டத்துக்கு நீங்கள் ஒன்றுமில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு, இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நிபுணர் நீங்கள்தான்."

வந்த நாள் தொடக்கம் செல்லாது செல்லாது என்று கேட்ட காது இது. உடனே தாளைச் செருகினேன். அவர் போகவில்லை.

"பதிவு செய்யச் சொல்லி ஆலோசனை கொடுத்தது யார்?"

"நான்."

"அதை எத்தனையாம் பந்தியில் எழுதப் போகிறீர்கள்?"

எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. நிபுணரே இப்படிப் பிழை விட்டார் என்றால் நிபுணரின் பேச்சை யார் நம்புவார்கள்? மறைத்தால் கடிதம் பலமாக இருக்கும். ஆனால் குணம் தானாகவே பொய் சொன்னவன் என்று ஆகிவிடும். ட்ராமில் வீடு வந்து சேர்வதற்குள் முடிவெடுத்துவிட்டேன். முதற் பந்தியிலேயே எழுதினேன்: சான்றிதழில் உள்ள "மணமாகாதவர்" என்ற சொல் என் ஆலோசனையால் எழுதப்பட்டது. அது பிழை. பிழை என்னுடையது, இவருடையதல்ல. அடுத்த நாள் அந்தத் தாளின் கீழ் மூலையில் எறும்புச் சரி இருந்தது.

சட்டத்தைச் சொன்னால் போதாது, கலியாணம் நடந்ததற்குச் சாட்சியும் வேண்டும். அளவெட்டிக்கு அவசரத் தந்தி அடித்தோம். மூன்று சத்தியக்கடதாசிகள் வேண்டும் என்றேன்: தாலி எடுத்துக் கொடுத்த ஐயரிடம் ஒன்று, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபரிடம் ஒன்று, பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டிய கட்டாடியாரிடம் ஒன்று. ஊர்த் துணி வெளுப்பவரைத்தான் கட்டாடியார் என்போம். சமாதான நீதவான் முன் சத்தியம் பண்ணி, இருபத்தாறாம் நாள் விமானத் தபாலில் மூன்றும் வந்தன. கட்டாடியாரின் கடதாசிக்கு ஈடில்லை. அன்றைக்குச் சோளகக் காற்று அடித்து, கட்டின வெள்ளை பறந்துபோய்ப் பக்கத்து வளவுப் பனையில் சிக்கியதையும், ஆள் ஏறி எடுத்து முகூர்த்தத்துக்கு முன் திருப்பிக் கட்டியதையும், முதற் பந்தியில் யார் யார் இருந்து சாப்பிட்டார்கள் என்பதையும் வரிசையாகச் சொல்லியிருந்தார். ஒரு சொல்லையும் திருத்தாமல் மொழிபெயர்த்தேன்.

இருபத்தேழாம் நாள் நானும் குணமும் குடிவரவுக் கந்தோருக்குப் போனோம். எங்களைச் சந்தித்தவர் நடுவயதுக்காரர், களைத்த முகம், ஆனால் ஒவ்வொரு தாளையும் வாசித்தார். என் முதற் பந்தியில் விரலை வைத்தார்.

"அப்படியென்றால் சான்றிதழில் இருப்பது பொய்?"

"அந்தச் சொல் பொய். எழுதச் சொன்னது நான். அவர் உங்களுக்கு முதல் எழுதிய படிவம் உண்மை. அதை நீங்கள் நம்பியிருந்தால் எனக்கு இங்கே வேலையில்லை" என்றேன். குணம் மேசைக்குக் கீழே என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். நான் நிற்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே நிபந்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கொள்கை, நான் கைதட்டுகிறேன். ஆனால் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்குள் அடங்காத உண்மையைக் கேட்க ஒருவர் கதிரையில் இருக்க வேண்டும். நீங்கள்தான் அந்தக் கதிரையில் இருக்கிறீர்கள்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். "துணி வெளுப்பவர் ஏன் சாட்சி?"

"எங்கள் ஊரில் ஐயருக்கும் கட்டாடியாருக்கும் தெரியாமல் ஒருவரும் கலியாணம் செய்ய முடியாது."

அவர் சிரித்துவிட்டார். "என் தாயின் ஊரில் அது தபால்காரர்" என்றார். முடிவைச் சொல்லவில்லை. எழுதி அறிவிப்போம் என்றார்.

பதினொரு நாள் குணத்திடம் கடிதம் வந்ததா என்று கேட்டபடி இருந்தேன். பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. திருமணம் வழக்கப்படி நடந்த நாளே திருமண நாள், பின்னர் நடந்தது பதிவு மட்டுமே, மகள் அந்தத் திருமணத்தின் பிள்ளை என்று தெளிவாக எழுதியிருந்தது. குணம் எங்கள் குசினிக்குள் நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் தலை நிமிர்ந்துதான் இருந்தது. செய்த பிழையை நானே அவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மலரும் வதனியும் வந்த நாள் விமான நிலையத்துக்கு நானும் போனேன். ஏதோ நன்றி சொல்லப் போகிறாள் என்ற எண்ணம் எனக்கு, பொய் சொல்வானேன். மலர் சிறிய உருவம், நீலச் சேலை, பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். குணம் என்னைக் காட்டி, "இவதான் அந்த அக்கா" என்றான். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தை நேரே பார்த்தாள்.

"நீங்களோ மணமாகாதவள் எண்டு எழுதச் சொன்னது?"

"ஓம்."

"இந்தப் பிள்ளையை இப்பிடி வைச்சுக்கொண்டு, ஊர்ச்சனத்துக்கு முன்னால, கலியாணமாகாதவள் எண்டு கையெழுத்து வைச்சனான். பதிவுகாரர் சத்தம் போட்டு வாசிச்சவர். அண்டையில இருந்து நான் கோயிலடிக்குப் போகேல்லை."

படித்த லத்தீனும் மூன்று வருஷக் கறுத்தக் கோட்டும் எனக்கு உதவவில்லை. குணத்தின் அனுமதியை யோசித்தேன், சட்டத்தை யோசித்தேன், என் பெயரையும் யோசித்தேன். அந்த மேசைக்கு முன் நின்றவளை ஒருநாளும் யோசிக்கவில்லை. "என்னை மன்னிச்சுக்கொள்ளும் மலர்" என்றேன். கைப்பையைத் திறந்து குடிவரவுக் கந்தோர்க் கடிதத்தின் பிரதியை அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "எனக்கு இங்கிலிஸ் தெரியாது. வாசியுங்கோ" என்றாள்.

தமிழில் வாசித்தேன். குணரத்தினமும் மலரும் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இருபத்தெட்டாம் திகதி தொடக்கம் கணவனும் மனைவியும் ஆவர். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இன்னொருக்கா வாசியுங்கோ அக்கா. பலத்து."

தள்ளுவண்டிகளோடு போன சனம் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பலத்து வாசித்தேன்.